விதியா, தேவ சித்தமா, என் விருப்பமா? விசுவாசத்தில் எழும் சந்தேகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்கிற கேள்விகள் இவை. சாவு வீட்டிலிருந்து திரும்பும் வழியிலும் கேட்கிறார்கள், நள்ளிரவில் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். சபை நடுவே எழுந்து கேட்கப் பலருக்குப் பயம். 'விசுவாசக் குறைவு' என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம் அது. ஆனால் வேதமே இந்தக் கேள்விகளைக் கேட்கிறது, நாம் கேட்பதைவிடச் சத்தமாகவே கேட்கிறது. வசனங்களை நம் சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

சந்தேகம் வந்தாலே என் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. யோவான் ஸ்நானகனைப் பாருங்கள். இயேசுவைக் கைகாட்டி, 'இதோ, தேவ ஆட்டுக்குட்டி' என்று ஊரறியச் சொன்னவர் அவர். அப்புறம் ஏரோது அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தான். உள்ளே கிடந்தபடி தம் சீஷர்களை இயேசுவிடம் அனுப்பி, 'வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?' என்று கேட்கச் சொன்னார் (மத்தேயு 11). இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், நீங்கள் கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். வந்தவர்கள் திரும்பிப் போனதும் கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்றார். சந்தேகப்பட்டுக் கேட்ட சூடு ஆறுவதற்குள் வந்த பாராட்டு அது.

மாற்கு 9இல் நோயாளி மகனைக் கூட்டிவந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கதறுகிறார். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. பையன் சுகமானான். முதலில் போய் முழு விசுவாசத்தோடு வா என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார். அதே பத்தியை 8ஆம் வசனம் வரை வாசித்தால் 'இருமனமுள்ளவன்' என்று யாரைச் சொல்கிறார் என்பது தெரியும். தேவனிடமும் கேட்பேன், கிடைக்காவிட்டால் வேறு வழியும் கையில் வைத்திருப்பேன் என்கிற ஆள் அவன். புரியவில்லையே ஆண்டவரே என்று அவரிடமே வந்து அழுகிறவர் வேறு ஆள். இந்த வசனத்தை எடுத்து இரண்டாமவரை அடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை.

தோமாவைப் போல் ஆகிவிடாதே என்கிறார்கள். தோமா அப்படி என்ன தப்பு செய்தார்?

மயிலாப்பூரையும் பரங்கிமலையையும் தோமாவோடு சேர்த்து நினைக்கிற நாமே அவருக்கு 'சந்தேகத் தோமா' என்று பட்டம் கட்டியிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம்தான். யோவான் 20ஐப் பொறுமையாக வாசியுங்கள். முதல் ஞாயிறு மாலை மற்றச் சீஷர்களுக்கு இயேசு தம் கைகளையும் விலாவையும் காட்டினார், அதைக் கண்டுதான் அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்ததையே தோமாவும் கேட்டார். அதற்கு முன்பு, யூதேயாவுக்குப் போனால் ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கியபோது, 'அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்' என்றவரும் இவரே (யோவான் 11:16).

இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டு நாள் கழித்தும் தோமா அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார். 'நம்பமாட்டேன்' என்று சொன்ன ஆளை மற்றப் பத்துப் பேரும் வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அதனால்தான் இயேசு மறுபடி வந்தபோது அவர் அங்கே இருந்தார். 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்ற அறிக்கை அந்த வாயிலிருந்துதான் வந்தது. சந்தேகத்தோடு இருப்பவர்களைச் சபை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஜெபிக்கும்போது ஒன்றுமே உணர்வதில்லை. சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது.

சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்ற இருட்டிலேயே முடிகிறது. அதை நீக்கிவிடாமல் ஆராதனைப் புத்தகத்திலேயே சேர்த்து வைத்தார்கள்.

கல்கத்தாவின் அன்னை தெரசா 1997இல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகளாகக் கடவுளின் சமுகத்தை உணராமலே அவர் உழைத்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வு வற்றியது, ஜெபிப்பதை அவர் விடவில்லை. அவரைப் போல் எல்லோரும் தாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் அனுபவிக்கிற வறட்சியை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தலைவிதி என்பதும் தேவ சித்தம் என்பதும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் 'என் தலையெழுத்து' என்கிறார், நாம் 'கர்த்தருடைய சித்தம்' என்கிறோம், இரண்டும் ஒரே பெருமூச்சோடு வருகின்றன. ஆனால் விதிக்கு முகம் கிடையாது. அதனிடம் கெஞ்ச முடியாது, வாதாட முடியாது. வேதத்தில் வருகிற தேவனோடு ஆபிரகாம் பேரம் பேசினார், மோசே மன்றாடினார், யோபு வழக்காடினார். யாரும் தலைவிதியோடு வழக்காடியதில்லை.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதுமில்லை. ஊழைவிட வலியது எது என்று ஓர் அதிகாரத்தில் கேட்கிற வள்ளுவரே, சோர்வில்லாமல் உழைப்பவர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்', அதாவது விதியையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்று இன்னோர் அதிகாரத்தில் சொல்கிறார். இரண்டையும் விட்டுவிட அவருக்கு மனமில்லை.

அப்படியென்றால் கிறிஸ்தவர்கள் ஜாதகம் பார்க்கலாமா? எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ரகசியமாகப் பார்த்தார்கள்.

வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தீன் (354–430) இளவயதில் சோதிடத்தில் மூழ்கியிருந்தவர். அவரை அதிலிருந்து விடுவித்தது நண்பர் ஃபிர்மினஸ் சொன்ன ஒரு சம்பவம். ஃபிர்மினஸின் தகப்பன் சோதிடப் பைத்தியம், வீட்டு மிருகங்கள் ஈனும் நேரத்தைக்கூடக் குறித்து வைப்பவர். அவருடைய சிநேகிதரும் அப்படியே. ஃபிர்மினஸ் தாயின் வயிற்றில் இருந்தபோது சிநேகிதர் வீட்டு அடிமைப் பெண்ணும் கர்ப்பமாக இருந்தாள். இரண்டு வீட்டிலும் பிரசவ நேரத்தைத் துல்லியமாகக் குறித்து, உடனே ஆள் அனுப்பினார்கள். இரு ஆட்களும் சரியாக நடுவழியில் சந்தித்தார்கள். கணத்திலும் வித்தியாசமில்லை, ஒரே ஜாதகம். ஃபிர்மினஸ் செல்வமும் பதவியுமாக வளர்ந்தார். அந்த அடிமைப் பிள்ளை அடிமையாகவே இருந்தது.

தேவன் முன்குறிக்கிறார், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்பதை முன்பே தீர்மானிக்கிறார் என்று திருச்சபையில் மிக அழுத்தமாகச் சொன்னவர் இதே அகுஸ்தீன்தான். அவரே நட்சத்திர விதியை அடியோடு மறுத்தார். எனவே முன்குறித்தலை நம்புகிறவர்களுக்கும் ஜாதகக் கட்டம் தேவையில்லை.

எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் நான் எதற்குப் பாடுபட வேண்டும்?

இதற்கு நான் எப்போதும் அப்போஸ்தலர் 27ஐத்தான் திறப்பேன். கைதியாக ரோமுக்குப் போகிற பவுல், புயலில் சிக்கிய கப்பலில் இருக்கிறார். நாள்கணக்காகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்போது பவுல் எழுந்து நின்று, தேவதூதன் வந்து சொன்னான், கப்பல் மட்டும் போகும், உங்களில் ஓர் உயிரும் போகாது என்கிறார். வாக்குத்தத்தம் வந்தாயிற்று. 276 பேரும் பிழைப்பது உறுதி.

பதினான்காம் இரவு கரை நெருங்குகிறது. கப்பலாட்கள் ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம், கொஞ்ச தூரம் போனபின் பதினைந்து. பாறையில் மோதிவிடுமோ என்ற பயத்தில், முன்னணியத்தில் நங்கூரம் போடப் போவதாகப் பாவனை செய்து, படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் அதைக் கண்டுபிடித்து நூற்றுக்கு அதிபதியிடமும் போர்ச்சேவகரிடமும், 'இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்' என்கிறார். ஓர் உயிரும் போகாது என்று சொன்ன அதே வாய் இதையும் சொல்கிறது! சேவகர்கள் 'அதான் தூதன் சொல்லிவிட்டானே' என்று கை கட்டி நிற்கவில்லை. கத்தியை எடுத்துப் படகின் கயிற்றை அறுத்தார்கள். பிறகு பவுல் எல்லோரையும் சாப்பிட வைத்தார். விடிந்ததும் நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், தெரியாதவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

சீர்திருத்தத் தலைவர் கால்வினின் வழிச் சபைகள் இதை எப்படி விளக்கும் என்றால், முடிவை மட்டுமல்ல, கயிற்றை அறுப்பதையும் தேவன் முன்குறித்தார் என்று. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழிச் சபைகள், தேவன் வாக்குக் கொடுத்தார், மனிதர் அதற்கு இசைந்து நடந்தார்கள் என்று சொல்லும். என் மனம் வெஸ்லி பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இரண்டு விளக்கத்திலும் யாரோ ஒருவர் கயிற்றை அறுத்தே ஆக வேண்டும். முன்குறிப்பைச் சொல்லிப் பரீட்சைக்குப் படிக்காதவரும், மாத்திரை சாப்பிடாதவரும் இரு தரப்பிலும் ஆதரவு தேடிக் கண்டடைய முடியாது.

நான் நாளைக்கு என்ன செய்வேன் என்று தேவனுக்கு இன்றே தெரியும். அப்புறம் நான் வேறு மாதிரி செய்ய முடியுமா?

மரண தண்டனைக்குக் காத்துச் சிறையில் கிடந்த போயத்தியுஸ் என்ற ரோம அறிஞர், சுமார் 524இல் இதைப் பற்றி எழுதினார். ஒருவர் நடப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். நீங்கள் பார்ப்பதால் அவர் நடக்கவில்லை. தேவன் காலத்துக்குள் நின்று எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பவர் அல்ல, எல்லாக் காலமும் அவருக்கு ஒரே இன்றாக முன்னால் இருக்கிறது, எனவே அவர் காண்பது உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அவர் வாதம். பிற்காலத்தில் தாமஸ் அக்வினாஸும் இதே வழியில் போனார். எல்லோரையும் இது திருப்திப்படுத்தவில்லை. ஆனாலும் 'அறிவது வேறு, செய்ய வைப்பது வேறு' என்ற அந்தக் கோடு பயனுள்ளது.

வேதத்தில் இதற்கு நேரடியான ஓர் இடம் உண்டு, பிரசங்கத்தில் அதிகம் வராத இடம். 1 சாமுவேல் 23. தாவீது கேகிலா என்ற ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றிவிட்டு அங்கேயே தங்கியிருக்கிறார். கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஊர் அது, உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியேற முடியாது. தாவீது தன்னைக் கொல்லத் தேடும் சவுல் ராஜாவைப் பற்றிக் கர்த்தரிடம் கேட்கிறார்: சவுல் வருவானா? வருவான். ஊரார் என்னை அவன் கையில் ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள். உடனே தாவீதும் ஏறக்குறைய 600 பேரும் கிளம்பிவிட்டார்கள். செய்தி கேட்ட சவுல் புறப்படவே இல்லை. கர்த்தர் சொன்ன இரண்டும் நடக்கவில்லை! அதனால் அவர் சொன்னது பொய்யாகவில்லை. நீ இங்கே இருந்தால் இது நடக்கும் என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்லித் தப்ப வைத்தார்.

ஜெபித்தால் தேவன் மனம் மாறுவாரா?

எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா, 'நீர் பிழைக்கமாட்டீர்' என்றே சொன்னார், நிபந்தனை எதுவும் போடவில்லை. ராஜா சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி அழுது ஜெபித்தார், 15 ஆண்டு கூட்டிக் கொடுக்கப்பட்டது (ஏசாயா 38). கெத்செமனேயில் இயேசு மூன்று தரம் ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போதிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்திவிட்டு, அவனைத் தண்டித்தது எப்படி நியாயம்?

யாத்திராகமத்தை வரிசையாக வாசித்தால் ஒன்று தெரியும். தவளை வாதை நீங்கியதும் பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் (8:15). வண்டுகள் போனதும் மறுபடி அவனே (8:32). ஆறாவது வாதையான கொப்புளத்தின்போதுதான் நிகழ்ச்சி ஓட்டத்தில் முதல்முறையாக 'கர்த்தர் கடினப்படுத்தினார்' என்று வருகிறது (9:12). அவன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததிலேயே அவன் விடப்பட்டான் என்று பலர் விளக்குவார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் மோசே எகிப்துக்குப் போகும் முன்பே, 'நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்' என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார் (4:21). அதனால் முடிச்சு முழுதாக அவிழவில்லை. அவிழ்ந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

யூதாஸ் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அவன் என்ன செய்வான், பாவம்?

மத்தேயு 26:24இல் இயேசு, எழுதியிருக்கிறபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். அதே இரவில் பேதுரு மறுதலிப்பதையும் முன்னறிவித்தார். முன்னறிவிக்கப்பட்டவர்கள் இருவர், ஒருவர் அழுது திரும்பி வந்தார். திரும்பி வரும் வழி யூதாஸுக்கு அடைபட்டிருந்தது என்று எங்கும் எழுதவில்லை.

சபைகள் இதில் ஒத்துப்போகின்றனவா? எங்கள் சபை சரியா, மனைவி வீட்டார் சபை சரியா?

1600 ஆண்டுகளாக ஒத்துப்போகவில்லை. பெலேகியு என்ற பிரித்தானியத் துறவி, மனிதன் முயன்றால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்றார். அகுஸ்தீன், கிருபை இல்லாமல் நல்லதை விரும்பவே முடியாது என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேகியுவின் போதனையைத் தள்ளியது. 529இல் ஆரஞ்சில் கூடிய சங்கம் கிருபையே முதலில் வருகிறது என்று உறுதி செய்தது, கூடவே தேவன் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதைக் கண்டித்தது. பிறகு 1524இல் எராஸ்மஸ் சுயசித்தத்தை ஆதரித்து எழுத, 1525இல் லூத்தர் சித்தம் அடிமைப்பட்டது என்று பதில் எழுதினார். நெதர்லாந்தில் ஆர்மீனியஸ் என்ற இறையியலாளரின் சீடர்கள் கால்வின் போதனையில் திருத்தம் கேட்டபோது, 1618–19இல் டார்ட் நகரச் சங்கம் அவர்களை மறுத்தது. லூத்தரன் சபைகளோ 1577லேயே, தேவன் மனிதரை இரட்சிப்புக்கென்று தெரிந்துகொள்கிறார் (தேர்ந்தெடுக்கிறார்), அழிவுக்கென்று அல்ல என்று எழுதி வைத்துவிட்டன. கத்தோலிக்கரிலும் இயேசு சபையினரும் தொமினிக்கன் சபையினரும் கடுமையாக மோதினார்கள். பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் குற்றம் சாட்டாதீர்கள் என்று முடித்துவைத்தார்.

எனக்குப் பிடித்த இரட்டையர் ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும். ஆக்ஸ்போர்டு காலத்து நண்பர்கள். 1739இல் வெஸ்லி முன்குறிப்புக்கு எதிராகப் பிரசங்கித்தார், விட்ஃபீல்ட் அச்சிலேயே பதில் கொடுத்தார். பல ஆண்டு மனஸ்தாபம். 1770இல் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. வெஸ்லியின் பிள்ளைகளும் கால்வினின் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டு வா என்று யாரும் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. சபைகளுக்கு முடிந்தது சம்பந்தி வீட்டாருக்கும் முடியும்.

நான் தேவனால் தெரிந்துகொள்ளப்படாதவனோ என்ற பயம் என்னை விடவே இல்லை.

'இம்மானுவேலின் இரத்தத்தால்' என்று நம் சபைகளில் பாடுகிறோமே, அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் வில்லியம் கூப்பர் (1731–1800). எவ்வளவு பொல்லாத பாவியும் கழுவப்படலாம் என்று பாடியவர், 1773இல் கடும் மனநோயில் விழுந்து, தேவன் தன்னை மட்டும் தள்ளிவிட்டார் என்று நம்பினார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். மற்ற எல்லோருக்கும் கிருபை உண்டு, எனக்கு மட்டும் இல்லை என்பதே அவர் எண்ணம். நண்பரும் போதகருமான ஜான் நியூட்டன் அவரைத் தம் வீட்டுக்கே கூட்டிவந்து ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். தேறிவந்த நாட்களில் கூப்பர் முயல் வளர்த்தார், தோட்ட வேலை செய்தார், அடிமை வியாபாரத்தை எதிர்த்துக் கவிதை எழுதினார். ஆலயத்துக்கு மட்டும் திரும்பவே இல்லை. அந்த இருட்டு கடைசிவரை விலகவில்லை.

கூப்பர் தள்ளப்பட்டவர் என்று நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. அவர் நோயாளியாக இருந்தார், அந்த நோய் இறையியல் பாஷையில் பேசியது. உங்களுக்கும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து வந்தால், முன்குறித்தலைப் பேசும் ரோமர் 9க்கு விளக்கவுரை தேடிக்கொண்டிருக்காதீர்கள். இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 'டெலி மானஸ்' உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் பேசலாம். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர் சொல்லைக் கேட்க வேண்டாம்.

தேவ தூஷணமான எண்ணங்கள் தானாகவே வருகின்றன. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?

மாற்கு 3இல் இயேசு அப்படி எச்சரித்தது, கண்முன்னே நடந்த நன்மையைப் பிசாசின் வேலை என்று துணிந்து சொன்ன வேதபாரகரை. அவர்கள் அதற்காகக் கலங்கவில்லை. நீங்கள் கலங்குகிறீர்கள், அதுவே வித்தியாசம். ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பனியன், 'கிறிஸ்துவை விற்றுவிடு' என்ற எண்ணம் விடாமல் வந்து பல காலம் வதைபட்டதை 1666இல் அச்சிட்ட தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவது ஓர் அறியப்பட்ட மனநலப் பிரச்சினை, அதற்குச் சிகிச்சை உண்டு.

குழந்தையை இழந்த வீட்டில் 'கர்த்தருடைய சித்தம், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

யோசேப்பைப் பாருங்கள். 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்' என்று சொல்கிறார் (ஆதியாகமம் 50:20). யார் சொன்னது? குழியில் போடப்பட்டவரே சொன்னார். எப்போது? எல்லாம் முடிந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு. குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, தம்பி, இது தேவ சித்தம் என்று அண்ணன்மார் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அக்கிரமம்! முன்குறித்தலைப் பற்றிப் பவுல் எழுதுவதும் இப்படித்தான், கிருபை பெற்றவர் திரும்பிப் பார்த்து நன்றியோடு பேசுகிற பேச்சு. அதை எடுத்து அடுத்தவரின் துக்கத்துக்குக் காரணம் சொன்னால் அந்தப் போதனை வேறொன்றாக மாறிவிடுகிறது.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, 'அப்படியல்ல' என்றார் (லூக்கா 13). யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டு, கேள்வி கேட்ட யோபுதான் நிதானமாய்ப் பேசினான் என்றார்.

சாவு வீட்டில் டீ போடுங்கள், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுங்கள். பத்தாம் நாள், நாற்பதாம் நாள் எல்லோரும் போன பிறகு மறுபடி போய்ப் பாருங்கள். அந்தத் தாய் ஒருநாள் தானே 'தேவன் கூட இருந்தார்' என்று சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் சுகம் என்று வந்தது. அந்த வருடமே அப்பா இறந்துவிட்டார்.

மிகவும் வருந்துகிறேன். அந்த வசனம் பொய்யில்லை, ஆனால் உங்கள் அப்பாவின் அந்த ஆண்டைக் குறித்து எழுதப்பட்டதும் இல்லை. தட்டில் கலந்து வைத்த அட்டைகளில் கை பட்டதை எடுத்தீர்கள். அதைத் தியானிப்பது நல்லது, ஆண்டுக்குப் பலன் பார்ப்பதுபோல் பார்த்தால் அது சோதிடத்தின் வேறு உரு. அப்படி எதிர்பார்க்கக் கற்றுக்கொடுத்தது நாங்கள், சபைகளை நடத்துகிறவர்கள். 'நீ விசுவாசித்திருந்தால் பிழைத்திருப்பார்' என்று யாராவது சொன்னால் அந்தப் பழியைச் சுமக்காதீர்கள்.

என் தாத்தா பாட்டி கிறிஸ்துவைக் கேள்விப்படாமலே இறந்தார்கள். அவர்கள் கதி?

முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே உழைத்த பிரான்சிஸ் சவேரியார், 1549இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கிறிஸ்தவர்களானவர்கள் இறந்துபோன தம் பெற்றோரை நினைத்து இதே கேள்வியைக் கேட்டு அழுதார்கள். அவர்களுக்கு மீட்பில்லை என்றே அவர் பதில் சொன்னார், அவர்கள் அழுவதைக் கண்டு தமக்கும் துக்கமாக இருந்தது என்று கடிதத்தில் எழுதினார். அதே கத்தோலிக்கத் திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தம் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்கள் மனசாட்சியின்படி கடவுளைத் தேடினால் மீட்படையக் கூடும் என்றது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் ஒரே கருத்தில்லை. 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று ஆபிரகாம் கேட்டாரே, நானும் அங்கேயே நிற்கிறேன். உங்கள் பாட்டியை நரகத்துக்கு அனுப்பும் அதிகாரம் எந்தப் பிரசங்கியாருக்கும் கொடுக்கப்படவில்லை.

வேதத்தில் எங்கே தொடங்கி வாசிக்கலாம்?

முதலில் அப்போஸ்தலர் 27, கதையாகவே போகும். பிறகு யோபு, முழுதாக முடியாவிட்டால் 1 முதல் 7 வரையும் 38 முதல் 42 வரையும். அதன்பிறகு ரோமர் 9, 10, 11. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள், 9ஐ மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். குயவனும் களிமண்ணும் வருகிற அந்த அதிகாரத்தைப் பவுல் தொடங்குவதே, என் சகோதரருக்காக நானே சபிக்கப்பட்டவனாகலாம் என்ற வேதனையோடுதான். 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், அவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கிறார். 11இன் கடைசியில், அவருடைய வழிகள் ஆராயப்படாதவை என்று சொல்லிவிட்டு, உடனே 12இல் எளியவரோடு சேருங்கள், அழுகிறவர்களோடு அழுங்கள் என்று அன்றாடக் காரியங்களுக்கு வந்துவிடுகிறார். தனியாக வாசிக்கச் சிரமமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாசியுங்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிற ஒருவர் அதில் கட்டாயம் இருக்கட்டும்.